விற்ற காசில் அதே மூட்டை வருமா?

யாங்கோனில் எங்கள் வீட்டுக் கடிகாரம் கரண்டை வைத்துத்தான் ஓடுகிறது. இந்த வாரம் நள்ளிரவு ஒரு மணிக்கு வந்து விடிகாலை ஐந்து மணிக்குப் போகிறது. அந்த நாலு மணி நேரத்துக்குள் கிரைண்டர் மூன்று ஈடு ஓடியாக வேண்டும். மாமியார் உளுந்தைக் கழுவிப் போடுவார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன். மாவு பந்து மாதிரி எழும்பி வரும்போது நிறுத்திவிட வேண்டும். கூடுதலாக ஓடவிட்டால் கல் சூடேறி மாவும் சூடாகிவிடும், இட்லி அமுங்கிப்போகும். கரண்டு பாதியில் போனால் டீசல்தான். ஜெனரேட்டரை இழுத்துவிட்டால் அன்றைய லாபம் புகையாகப் போவதை மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம்.

முன்பெல்லாம் இந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். துறைமுகத்தில் சரக்கை கிளியர் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். 2022 கடைசியில் ஒரு மாத நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "சட்டையில மடிப்புக் கலையாம இருந்தவன், மாவு அரைக்கப் போறியாடா?" என்று சித்தப்பா கேட்டார். இப்போது அந்தக் கேள்வி தலைகீழாகிவிட்டது. சம்பளத்தில் இருக்கும் நண்பர்கள் மாவு வாங்க வரும்போது மெதுவாக ஆரம்பிக்கிறார்கள்: "சொந்தத்துல எப்படிப் போகுது? நானும் ஏதாச்சும் தொடங்கலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பர்மாவில் வேலையை விடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் காசைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2018-இல் எட்டு மணி நேர நாளுக்கு 4,800 கியாத். அன்றைய விலைக்கு அது ஏறத்தாழ மூன்றரை டாலர். அடிப்படைக் கூலியை அதோடு நிறுத்திவிட்டு, 2023 அக்டோபரில் ஓர் ஆயிரமும் 2024 ஆகஸ்டில் இன்னோர் ஆயிரமும் படியாகச் சேர்த்தார்கள். அப்போது மொத்தம் 6,800. ஆனால் 2021 தொடக்கத்தில் 1,300 சொச்சமாக இருந்த டாலர், 2024-இல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியிருந்தது. அரசு விலை 2,100 என்று 2022 ஆகஸ்டில் கட்டிப்போட்டார்கள். அந்த விலைக்கு நமக்கெல்லாம் டாலர் கிடைக்காது. ஆக, மூன்றரை டாலர் கூலி ஒன்றரை டாலராகிவிட்டது. கூலி ஏறியிருக்கிறது என்று காகிதம் சொல்லும். எண்ணெய்க் கடைக்குப் போனால் இறங்கியிருப்பது தெரியும். மாதச் சம்பளக்காரருக்கும் இதே கதைதான், எண் மட்டும் வேறு. என் கடைசி இரண்டு வருடத்தில் சம்பளம் ஒரு தடவை ஏறியது, அரிசி எத்தனை தடவை ஏறியது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அதனால் எங்கள் ஊரில் பல பேர் வேலையை விடுவது துணிச்சலால் இல்லை. கரைந்துகொண்டிருக்கும் கரையில் நிற்பதைவிடத் தண்ணீரில் இறங்கிவிடலாம் என்ற கணக்குத்தான்.

இறங்கும்போது எதையெல்லாம் கரையில் வைத்துவிட்டு வருகிறோம் என்பது முதல் காய்ச்சலில் தெரியும். 1951-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி வேலையில் இருப்பவருக்கு 6 நாள் தற்செயல் விடுப்பு, 10 நாள் ஈட்டிய விடுப்பு, 30 நாள் வரை மருத்துவ விடுப்பு உண்டு. சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் சம்பளத்தில் 2 சதவீதம் நம்மிடம் பிடிப்பார்கள், முதலாளி 3 சதவீதம் போடுவார். பிடிக்கும்போது முணுமுணுப்போம். எனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்தபோதுதான் அந்த 2 சதவீதத்தின் அருமை தெரிந்தது. நான் படுத்தால் மாவு இல்லை. மூன்றாம் நாள் மாவு வராவிட்டால் டீக்கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் தோசைக்கல்லும் காயத்தான் செய்கிறது.

இனி உளுந்துக்கு வருகிறேன். என் தொழிலின் மர்மமெல்லாம் அந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது.

பர்மாவில் விளையும் உளுந்தில் பெரும்பங்கு இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. 2021-இல் இரண்டு அரசுகளும் செய்த உடன்பாட்டில், ஐந்து ஆண்டுகளுக்கு வருடம் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் இந்தியா வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அதனால் பயின்னாவுங் மொத்தச் சந்தையில் உளுந்து விலை சொல்லும் தரகர் ஒரு கண்ணை டாலரிலும் இன்னொரு கண்ணைச் சென்னை, மும்பை விலையிலும் வைத்திருப்பார். வட இந்தியாவில் மழை பொய்த்தால் யாங்கோன் டீக்கடையில் தோசை சுருங்கும். நான் வாங்கும் பொருளுக்கு டாலரில் விலை. நான் விற்பதைச் சாப்பிடுபவர் கியாத்தில் சம்பளம் வாங்குபவர், அதுவும் ஏறாத சம்பளம். இரண்டுக்கும் நடுவில் கிரைண்டரோடு நான்.

இதில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. கணக்கு எழுதிப் பழகிய நானே விழுந்தேன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எண்கள் கணக்குக்காக மட்டும்.

பத்து நாள் மாவுக்கு உளுந்து, அரிசி, டீசல் எல்லாம் சேர்த்து 20 லட்சம் கியாத் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். (இங்கே பர்மியர்களும் லட்சத்தில்தான் எண்ணுவார்கள். அவர்கள் அதை 'தெயின்' என்பார்கள். சந்தையில் எடை இன்னும் வீசைக் கணக்குத்தான், ஒரு வீசை 1.63 கிலோ. ஊரில் தாத்தாக்களோடு போன வார்த்தை இங்கே தராசில் உட்கார்ந்திருக்கிறது.) மாவை 25 லட்சத்துக்கு விற்கிறேன். நோட்டில் லாபம் 5 லட்சம். அந்த 5 லட்சத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு 20 லட்சத்தோடு மறுபடி சந்தைக்குப் போகிறேன். இந்தப் பத்து நாளில் டாலர் குதித்திருக்கிறது. அதே பொருள்கள் இப்போது 24 லட்சம். என் 20 லட்சத்துக்குப் போன தடவை வாங்கியதில் ஆறில் ஐந்து பங்குதான் கிடைக்கும். நான் லாபம் என்று வீட்டுக்குக் கொண்டுபோன 5 லட்சத்தில் 4 லட்சம் என் கைமுதல். கடையை அறுத்து வீட்டில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் எட்டு மாதத்தில் மூன்று ஈடு இரண்டு ஈடாகச் சுருங்கியது. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு மாதமும் லாபம். மூட்டை மட்டும் குறைகிறது. மாமியார் கணக்குப் படித்தவர் இல்லை. அவர்தான் கண்டுபிடித்தார். "மாப்ள, காச எண்ணாதீங்க, மூட்டைய எண்ணுங்க. வித்த காசுல அதே மூட்டை வருமா, வராதா? வந்ததுக்கு மேல மிச்சம் இருந்தாத்தான் அது நம்ம காசு." அன்றிலிருந்து சுவரில் சாக்பீஸால் மூட்டைக் கணக்குத்தான் எழுதுகிறோம். வீட்டுச் செலவுக்கு எடுப்பது அதற்கப்புறம்.

அவருக்கு இந்தப் புத்தி பட்டு வந்தது. அது அவர் ஒருவர் பட்டதும் இல்லை.

ஒரு காலத்தில் வேலையிலிருந்து சொந்தத்துக்குப் போவதற்குத் தமிழர்கள் இதே ஊரில் ஒரு ஏணியே கட்டி வைத்திருந்தார்கள். இன்று ஷ்வேபோந்தா தெரு என்று பெயர் மாறிவிட்ட மொகல் தெருவில்தான் வட்டிக்குப் பணம் கொடுக்கும் செட்டியார் கடைகள் இருந்தன. சின்னப் பையனாகக் கப்பலேறி வருபவன் முதலில் பெட்டியடிப் பையன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவும் எண்ணவும் கற்றுக்கொள்வான். பிறகு அடுத்தாள். அதற்கப்புறம் கடையை நடத்தும் மேலாள். மூன்று வருடம் ஒரு கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மேலாளாக இருந்து கணக்கை லாபத்தில் முடித்துக் கொடுத்தால் அதில் ஒரு பங்கும் உண்டு. இப்படி இரண்டு மூன்று கணக்கு முடித்தவர் சொந்தமாகக் கடை போடலாம், அல்லது பங்காளியாகச் சேரலாம். அவர் கையில் இருப்பது சொந்தப் பணம் மட்டும் இல்லை. பெண்களின் சீதனமாக வந்த ஆச்சிமார் பணம், கோயில் பணம், உறவினர் போட்டுவைத்த பணம் எல்லாம் சேரும். மாதா மாதம் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டி நிர்ணயிப்பார்கள். புதிதாகக் கடை போட்டவரும் அங்கே உட்காருவார்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், வேலையும் தொழிலும் எதிரெதிர்க் கரையில் இல்லை என்பது. வேலை செய்யும்போதே தொழில் கற்றுத் தருகிறார்கள், அடுத்தவன் பணத்தில். பதினோரு வருடம் கம்பெனியில் இருந்து நான் கற்றது அழகாக வவுச்சர் ஒட்டுவது. விலை எப்படி நகரும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கு வேலையை விடப்போகிறவரிடம் நான் கேட்பதும் அதுதான்: அந்த ஆபீஸில் இருக்கும்போதே யாரோடு பழகி வைத்திருக்கிறாய்?

ஆனால் அந்த ஏணியும் சாய்ந்தது. 1930 வாக்கில் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-க்குள் 25 சதவீதம் ஆகிவிட்டது. அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, ரொக்கம்தான் வேண்டியிருந்தது. புரள வேண்டிய முதலீடு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதன் பலனாக ஒரு பக்கம் பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சல். அது நியாயமான எரிச்சல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு பக்கம் 1942-இல் ஜப்பான் படை வந்ததும் ஓட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம்.

நிலத்தில் வைத்தவர் இப்படிப் போனார் என்றால் சரக்கில் வைத்தவர் 1964-இல் போனார். அந்த மார்ச்சில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) கடைகளுக்கு அரசுப் பூட்டு விழுந்து அவை நம்பர் போட்ட மக்கள் கடைகளாயின. மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ரொக்கமாக வைத்தவரும் போனார். கப்பலேறிச் சென்னைக்குப் போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு இறங்கினார்கள். 1969-இல் அங்கே பர்மா பஜார் உருவானது. இன்று சென்னைக்காரர்கள் ருசிக்காகச் சாப்பிடும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ், அப்போது வேறு வழியில்லாமல் தெருவில் தொடங்கிய சொந்தத் தொழில்.

இங்கேயே தங்கியவர்களுக்கு 1985-இல் மறுபடி 50, 100 நோட்டுகள் செல்லாமல் போயின. 1987 செப்டம்பரில் 25, 35, 75. இந்த முறை மாற்று நோட்டே தரவில்லை. அப்புறம் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகளை அடித்தார்கள், ஆட்சியில் இருந்த நே வினுக்கு ஒன்பது ராசியான எண் என்பதால். மாமியார் அப்போது சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். மகளுக்குச் செயின் வாங்கச் சேர்த்த 75 கியாத் கட்டு ஒன்று தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தரம் பெட்டியைத் துடைக்கும்போது எடுத்துப் பார்ப்பார். கண் கலங்குவதெல்லாம் இல்லை. "பேப்பர் நல்ல பேப்பர்தான்" என்பார்.

ஆகவே இந்த ஊரில் சொந்தத் தொழில் செய்பவருக்கு எவ்வளவு சம்பாதித்தாய் என்பது பாதிக் கேள்விதான். அதை எதில் வைத்திருக்கிறாய்? 2021-இல் ஏடிஎம் வாசலில் விடியுமுன் வரிசை நின்று, வங்கியில் இருக்கும் சொந்தப் பணத்தை ரொக்கமாக்க ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்தோமே, அது இன்னும் மறக்கவில்லை. தங்கத்தில் வைக்கலாம். இங்கே சவரன் கிடையாது, கியாத்தா கணக்கு, 16 கிராம் சொச்சம். ஆனால் தங்கத்தை அரைத்து மாவாக்க முடியாதே. எங்களுக்கு உளுந்துதான் வங்கி. வண்டு விழாமல் வேப்பிலை போட்டு, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கினால் சில மாதம் தாங்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும் என்ற ஒரு பயம் மட்டும்.

சரி, அரைத்தாயிற்று, விற்றாயிற்று. காசு?

எங்கள் மாவில் முக்கால் பங்கு டீக்கடைகளுக்குப் போகிறது. பர்மிய டீக்கடையில் தோசை ஒரு பழைய விருந்தாளி. அவர்கள் 'தோஷே' என்பார்கள், அவரையும் வெங்காயமும் தூவிச் சுடுவார்கள். பத்து நாளுக்கு ஒரு முறை கணக்குத் தீர்ப்பது வழக்கம். பத்தாம் நாள் போனால், "மனெப்யன், ஆக்கோ." நாளைக்கு, அண்ணே. பதினோராம் நாளும் அதே சிரிப்பு, அதே மனெப்யன். ஒரு டம்ளர் டீ மட்டும் இலவசமாக வரும். ஆபீஸில் வசூல் பாக்கி என்பது ஒரு பத்தி எண். இங்கே அது ஒரு முகம். கடுமையாகப் பேசினால் கணக்குத் தீரும், கூடவே வாடிக்கையும் தீர்ந்துவிடும். பேசாவிட்டால் மேலே சொன்ன டாலர் தன் வேலையைச் செய்யும்: பதினைந்து நாள் தாமதமாக வரும் காசு, வரும்போதே இளைத்துப்போய் வரும். இப்போது ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை வைத்திருக்கிறோம். வட்டி என்று சொன்னால் கோபப்படுவார்கள், விலை என்றால் ஒத்துக்கொள்கிறார்கள்.

சட்ட விவகாரம் நினைத்த அளவு பயமில்லை. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய கம்பெனிச் சட்டத்தில் ஒரே ஆள் கம்பெனி பதியலாம், ஆன்லைனிலேயே. எங்கள் அளவுக்குக் கம்பெனியே தேவைப்படவில்லை, சீபின் என்று நாங்கள் சொல்லும் நகராட்சியில் லைசென்ஸ் போதுமாக இருந்தது. வணிக வரி, வருடத்துக்கு 5 கோடி கியாத் விற்பனையைத் தாண்டினால் 5 சதவீதம். கியாத் இளைக்க இளைக்க, வளராமலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம் என்பதுதான் வேடிக்கை.

ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்களில் 18 முதல் 35 வயது. மாவு டின் தூக்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு போன பையன் ஒரு நாள் வரவில்லை. தாய்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டதாக நாலு மாதம் கழித்துத் தகவல் வந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சைக்கிள் என்னுடையது. மாமியாரின் உழைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் ரொம்ப நாள் பேசவில்லை. அவருக்கு 2024-இன் குறைந்தபட்சக் கூலியான 6,800-ஐப் போட்டு 30 நாளுக்குக் கணக்கிட்டால் மாதம் 2,04,000 கியாத். சில மாதம் எங்கள் லாபம் மொத்தமே அந்தப் பக்கம்தான். 'சொந்தத் தொழிலில் ஜெயித்தார்' என்று சொல்லும்போது வீட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். என் விஷயத்தில் இரண்டு: இவரும், டியூஷன் சொல்லிக்கொடுத்து முதல் எட்டு மாதம் வாடகை கட்டிய என் மனைவியும்.

அப்படியென்றால் கிடைத்தது என்ன? சம்பளம் ஏற இரண்டு வருடம் காத்திருந்தவன், இன்று காலை உளுந்து ஏறினால் நாளைக் காலை மாவு விலையை மாற்ற முடிகிறது. கொஞ்சம் வாடிக்கை போகும், அதைத் தாங்க வேண்டும், ஆனாலும் கை கட்டி நிற்கவில்லை. பகல் பன்னிரண்டுக்கு வேலை முடிந்துவிடும். மகளைப் பள்ளியிலிருந்து நான்தான் கூட்டி வருகிறேன். அனாவ்ரதா சாலைக் காளி கோயிலில் விசேஷம் என்றால் லீவு லெட்டர் எழுத வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் மாவுக்கு ஆர்டர் அதிகம் என்பதால் விசேஷத்துக்கும் போக முடிவதில்லை. தூக்கம் குறைந்திருக்கிறது. விரல் இடுக்கில் தோல் உரிகிறது. கம்பெனியில் என் பெயர் பதினோரு வருடமாகப் பலருக்குத் தெரியாது. இங்கே இரண்டு தெருத் தள்ளி ஒரு கிழவி, "நேத்து மாவு புளிச்சிருந்துச்சு தம்பி" என்று வழிமறித்துத் திட்டுகிறார். அந்தத் திட்டு எனக்குப் பிடித்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

போன வாரம் மனெப்யன்காரர் பாக்கி முப்பத்தைந்து நாளைத் தொட்டது. போய் நின்றேன். டீ வந்தது. பிறகு உள்ளே போய் டின் பால் அட்டைப்பெட்டி நாலைத் தூக்கி வந்து வைத்தார். "காசாகக் கொடுத்தால் உனக்குத்தான் நட்டம்" என்று பர்மியில் சொன்னார். பேசாமல் விலை போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது, ஒரு டின் கூடவே இருந்தது. சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன்.

மாமியார் கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு அடுக்கினார். அப்புறம் ஒரு டின்னை எடுத்து, கண் சரியாகத் தெரியாததால் பேத்தியிடம் நீட்டினார்.

"இது எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு படி கண்ணு."